மண் பிசைய ஒரு மேஜை

மார்ச் கணக்கு முடிந்து ஆடிட்டர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆபீசில் ஆணி கொஞ்சம் குறைந்திருப்பதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நேரம் கிடைத்தது. இன்றைக்கு ஒரு மேஜையைப் பற்றி எழுதப் போகிறேன். ஒரு மேஜைக்கு இவ்வளவு பெரிய கதையா என்று ஓடிவிடாதீர்கள். இந்த ஜனவரி, பிப்ரவரியில் ஆறு வாரம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே கிடையாது. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிற நான், பிளாஸ்டர், சிமென்ட் போர்டு, சிலிக்கா என்று பேச ஆரம்பித்ததில் பக்கத்து வீட்டுக்காரர் நான் வேலையை விட்டுவிட்டு காண்டிராக்டர் ஆகிவிட்டேனோ என்றே நினைத்துவிட்டார் :-)

முதலில் கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள்.

சொந்த ஊர் மானாமதுரை. பாங்கில் சேர்ந்த பிறகு நாக்பூர், விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றிவிட்டு இப்போது மைசூர். எனக்கு ஊர் மாறினால் மேனேஜர் சீட்டும் கம்ப்யூட்டரும் தயாராக இருக்கும். தங்கமணிக்கு அப்படி இல்லை. நாக்பூரில் தையல் மெஷின் வாங்கி ரவிக்கை தைக்க ஆரம்பித்தார். நாலு வாடிக்கையாளர் சேர்ந்தபோது எனக்கு ஆர்டர் வந்தது, மெஷினைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். விசாகப்பட்டினத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன். அங்கே வாங்கிய கரும்பலகை இன்னமும் அந்த வீட்டு மாடியில்தான் இருக்கும். வெளியூரில் குடும்பம் நடத்துகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் எல்லார் வீட்டிலும் இப்படி விட்டுவிட்டு வந்த சாமான்களின் பட்டியல் ஒன்று இருக்கும், அதில் முக்கால்வாசி வீட்டுக்காரம்மாவுடையதாக இருக்கும்.

புதுச்சேரியில் தங்கமணி பிடித்துக்கொண்டது மண்பாண்டம். அந்த ஊரில் அது ஆச்சரியமில்லை. 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்று ஆரம்பித்தார்கள். இன்றைக்கு இந்தியாவில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்து மண் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் அங்கே கற்றவர்கள், அல்லது அங்கே கற்றவர்களிடம் கற்றவர்கள். தங்கமணி கற்றதும் அப்படி மூன்றாம் கை வழியில்தான். மானாமதுரைக்கு மருமகளாக வந்து, ஊரே மண் மிதிக்கிறதைத் தினமும் பார்த்தும் தொடாதவர், புதுச்சேரியில் போய்க் கற்றுக்கொண்டார் என்று என் அம்மாவுக்கு இன்றைக்கும் சிரிப்புதான்.

மைசூரில் குவெம்புநகரில் வாடகை வீடு. பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ஷெட். அதில் சக்கரம் வைத்து, சனிக்கிழமைகளில் நாலு பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கலாம் என்று முடிவானது. வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டார். சக்கரம் வந்தாயிற்று, சூளைக்குச் சொல்லியாயிற்று. பிறகுதான் கேள்வி வந்தது: மண்ணை எதன் மேல் வைத்துப் பிசைவது?

ஒரு விஷயம் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் உண்டு, குயவர் தொழிலும் அதில் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய், முதல் கடன் 1 லட்சம், அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 2 லட்சம், வட்டி 5 சதவீதம். எங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது என்பது வேறு விஷயம். எந்தத் திட்டத்தில் வந்தாலும் சரி, நான் பார்த்த மண்பாண்டக் கடன் பேப்பர்களில் சக்கரத்துக்குக் கொட்டேஷன் இருக்கும், சூளைக்கு இருக்கும், மண் அரைக்கிற மெஷினுக்கு இருக்கும். மேஜைக்கு ஒரு வரி இருக்காது. ஆனால் மண் சக்கரத்தில் இருக்கிற நேரத்தைவிட மேஜை மேல் இருக்கிற நேரம்தான் அதிகம் என்று தங்கமணி சொல்கிறார். பிசைவது, தட்டுவது, கைப்பிடி ஒட்டுவது, தப்பாய்ப் போனதைத் திரும்ப மண்ணாக்குவது எல்லாமே மேஜையில்தான்.

மேஜைக்கு என்ன பெரிய தகுதி வேண்டும்? சப்பாத்தி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு தளர்ந்துவிட்டால் மேடையில் ஒட்டும், மேலே மாவு தூவுவோம். மண்ணிலும் அதே பிரச்சினைதான். சக்கரத்திலிருந்து திரும்பி வரும் மண்ணில் தண்ணீர் அதிகம். அந்த அதிகத் தண்ணீரை மேஜை கொஞ்சம் குடிக்க வேண்டும். குடிக்காத மேஜையில் மண் அப்பிக்கொள்ளும். ரொம்பக் குடித்தால் வேலை முடிவதற்குள் மண் வறண்டு வெடிக்கும். எங்கள் பாஷையில் சொன்னால், மேஜை தண்ணீருக்கு ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் மாதிரி. போட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும், வெயில் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லோரும் முதலில் சொன்னது கல். "சமையல் மேடை மாதிரி ஒரு கிரானைட் போட்டுடுங்க, ஜென்மத்துக்கும் இருக்கும்." மைசூரில் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்துச் சாமராஜநகர் கறுப்புக் கல் வெளிநாடு வரைக்கும் போகிறது. துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும், தூசி தங்காது. ஆனால் சொட்டுத் தண்ணீர் குடிக்காது. ஈர மண் அதில் பசை போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எடை. ஆறடிக்கு இரண்டரை அடி, 18 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கிட்டத்தட்ட 70 கிலோ. வாடகை வீட்டில் அதைப் போட்டால் வீட்டுக்காரருக்கு நாம் கொடுத்த நன்கொடை என்று எழுதிவிட வேண்டியதுதான்.

நம் ஊர்ச் சமையலறைகளில் போடுகிற கடப்பாக் கல் இதைவிட மலிவு. ஆனால் மண் வேலைக்கு அதில் ஒரு கண்டம் இருக்கிறது. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. ஓரம் பெயர்ந்து ஒரு துணுக்கு மண்ணில் கலந்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சூளையில் 900 டிகிரி வாக்கில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பானை வெளியே வந்த பிறகு காற்றின் ஈரம் பட்டு அந்தத் துணுக்கு நீறும், நீறும்போது பருக்கும். நன்றாக இருந்த பானையில் நாலு நாள் கழித்து ஒரு சில்லு தெறித்து விழும், குழியின் அடியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துப் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இரண்டாவது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஃபால்ஸ் சீலிங்குக்கு பி.ஓ.பி. என்று போடுகிறார்களே, அதேதான். ஜிப்சத்தை 150 டிகிரி வாக்கில் வறுத்தால் அதற்குள் இருக்கிற தண்ணீரில் முக்கால் பங்கு போய்ப் பொடியாகும். பாரிசில் மோன்மார்த்ர் குன்றிலிருந்து ஜிப்சம் வெட்டியதால் அந்தப் பெயர். ஸ்டுடியோக்காரர்களிடம் கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் தண்ணீர் குடிப்பதில் இதற்கு ஈடு கிடையாது.

ஏன் இப்படிக் குடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. இரண்டடிக்கு ஒன்றரை அடி, இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு பலகை வார்க்க 13 கிலோ பொடி, 9 லிட்டர் தண்ணீர். நூறு பங்கு பொடிக்கு எழுபது பங்கு தண்ணீர் என்பது வழக்கமான கணக்கு. இந்த 9 லிட்டரில் பிளாஸ்டர் தன்னோடு கெட்டியாகச் சேர்த்துக்கொள்வது இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மீதி ஆறரை லிட்டரும் மெல்ல ஆவியாகிப் போய்விடும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அந்த ஓட்டைகள்தான் பிறகு மண்ணின் தண்ணீரை இழுக்கின்றன.

இதற்கு இரண்டு குறை. ஒன்று, பலகை நிரம்பிவிட்டால் மறுபடி காய வேண்டும். மானாமதுரை வெயிலில் கவலையில்லை. மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரம், ஜூனில் பிடித்த மழை விட்டுவிட்டு அக்டோபர் வரைக்கும் இருக்கும், பலகை நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அவசரப்பட்டு சூளைப் பக்கத்தில் வைக்கவும் கூடாது. 50 டிகிரியைத் தாண்டினால் பிளாஸ்டர் வலுவிழந்து பொடிய ஆரம்பித்துவிடும். இரண்டாவது குறைதான் பெரியது. பிளாஸ்டர் மெத்து. கம்பியோ கத்தியோ பட்டால் சில்லு பெயரும். அந்தச் சில்லு மண்ணுக்குள் போனால் கடப்பாத் துணுக்கு செய்கிற அதே வேலையைச் செய்யும். சனிக்கிழமை வருகிற நாலு வாண்டுகளும் கையில் கத்தியோடு பிளாஸ்டர் முன்னால் நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தோம். அவ்வ்வ்.

மூன்றாவது, கேன்வாஸ் துணி. பிளைவுட் பலகையில் கெட்டியான பருத்திக் கேன்வாஸை இழுத்து அடித்துவிட்டால் வேலை முடிந்தது. மலிவு, ஒட்டாது, மண்ணுக்கு நல்ல பிடிப்பு. உலகம் முழுக்க வகுப்பறைகளில் இதுதான். தங்கமணி கற்றுக்கொண்டதும் கேன்வாஸ் மேஜையில்தான், அவருடைய ஓட்டும் அதற்கே.

இங்கேதான் எங்கள் சின்னவள் வருகிறாள். வயது பதினொன்று. மூன்று வயதிலிருந்து வீசிங். நெபுலைசர் இல்லாமல் நாங்கள் வெளியூர் கிளம்பியதில்லை. பனிக்காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு அவள் மூச்சு விசிலடிக்கிற சத்தம் கேட்டால், தங்கமணியும் நானும் பேசிக்கொள்ளாமலே ஆளுக்கொரு வேலையைச் செய்வோம். ஒருவர் தண்ணீர் சுட வைப்பது, ஒருவர் மெஷினை மாட்டுவது. அந்த ஷெட்டின் கதவு அவள் படுக்கிற அறைக்கு எதிரே திறக்கிறது.

கேன்வாஸின் சங்கதி என்னவென்றால், நெசவுக்குள் மண் போய் உட்காரும், காயும், அடுத்த முறை மண் உருண்டையை ஓங்கி அடிக்கும்போது புகை மாதிரி கிளம்பும். காய்ந்த களிமண் தூசி வெறும் அழுக்கு இல்லை. அதில் பொடிப்பொடியாகக் குவார்ட்ஸ் இருக்கிறது, அதாவது சிலிக்கா. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தெரியாத தூசிதான் நுரையீரலின் அடி வரைக்கும் போய்த் தங்கிவிடுகிறது. வருஷக்கணக்காகச் சேர்ந்தால் சிலிகோசிஸ். வந்தால் திரும்பாது, அதைக் குணமாக்க மருந்து கிடையாது. அமெரிக்காவில் 2016-ல் போட்ட விதிப்படி எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பில் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வியாதி கர்நாடகத்தில் இருக்கிற தமிழர்களுக்குப் புதிது இல்லை. கோலார் தங்கவயலில் 1880-களில் பெரிய அளவில் சுரங்கம் தொடங்கியபோது வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகப் போய் இறங்கியவர்கள் நம் ஜனங்கள். இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலில் பதிவானது அங்கேதான், 1934-ல். அவர்கள் வெட்டியது தங்கம், சுவாசித்தது கல் தூசி. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். வீட்டு ஷெட்டில் வாரத்துக்கு ஒரு மூட்டை மண் பிசைவதையும் சுரங்கத்தையும் ஒன்றாகச் சொல்வது நியாயமில்லை, தெரியும். ஆனால் தூசி ஒரே ஜாதிதான். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் தூசியைச் சேர்த்து வைத்து உதறுகிற மேஜை தேவையா?

இந்தக் கேள்விக்குப் பிறகு தங்கமணி இரண்டு நாள் பேசவில்லை. கோபம் என் மேல் இல்லை. மூன்றாவது நாள் காலையில் காபியை வைத்துவிட்டு, "என்னங்க, இதையும் மூட்டை கட்டிடலாமா?" என்று கேட்டார். சக்கரத்தை விற்றுவிடலாமா என்று அர்த்தம். நான் பதில் சொல்லவில்லை. பாங்கில் ஒரு கணக்கு சரியாக வரவில்லை என்றால் கணக்கையே மூடிவிட மாட்டோம், எந்த வரியில் இடிக்கிறது என்று பார்ப்போம். அதைத்தான் செய்தேன். ஊருக்குப் போன் போட்டேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வேளார் வீடு. அந்த வீட்டு அம்மாவைச் சின்ன வயதிலிருந்து பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். அறுபது வருஷமாக மண்ணில் கை வைத்தவர். 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதெல்லாம் இவர்களைப் போன்றவர்களின் கையால்தான்.

"பெரியம்மா, மண்ணு பெசைய மேஜை போடணும், எதுல போடலாம்?"

"வாய்யா. எந்த மண்ணு?"

ஆறு கடை ஏறி இறங்கியிருந்தேன், ஒரு கடைக்காரரும் இதைக் கேட்கவில்லை. எங்கள் மண் பொடியாக வாங்கி ஊற வைப்பது, கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும் என்று சொன்னேன்.

"கம்மா மண்ணுன்னா தரையிலயே போட்டு மிதிச்சுடுவோம். மண்ணுத் தரை தண்ணியக் குடிச்சுரும்ல. மேல சாம்பல் தூவிக்கிருவோம், ஒட்டாது. பானை தட்டும்போதும் சாம்பல்தான். ஒனக்கு ஒரே எடத்துல எல்லாத்தையும் செய்யணும்னு யாருய்யா சொன்னது? மிதிக்கிற எடம் வேற, தட்டுற எடம் வேற, காய வைக்கிற எடம் வேற."

சாம்பல் யோசனை எங்கள் வீட்டுக்கு ஆகாது, அதுவும் தூசி. ஆனால் கடைசியில் சொன்னார் பாருங்கள், அது ஆயிரம் ரூபாய் பெறும். நாங்கள் ஆறு வாரமாக எல்லா வேலைக்கும் ஒரே மேஜை தேடிக்கொண்டிருந்தோம். தண்ணீர் குடிக்கவும் வேண்டும், ஈரத்துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகவும் வேண்டும் என்றால் இரண்டும் எதிரெதிர்க் குணம். ஓட்டை இருந்தால்தான் குடிக்கும், ஓட்டை இல்லாவிட்டால்தான் சுத்தமாகும். பாங்கில் ஒரே ஆள் வவுச்சர் போட்டு அவரே பாஸ் பண்ணக் கூடாது என்று வைத்திருக்கிறோம் இல்லையா? அதே மாதிரி இங்கேயும் வேலையைப் பிரித்துவிட வேண்டியதுதான்.

பிரித்தோம்.

பிசைவதற்கு ஃபைபர் சிமென்ட் போர்டு. பார்டிஷனுக்குப் போடுவார்களே, அது. பிளாஸ்டர் அளவுக்குக் குடிக்காது, ஆனால் மண் ஒட்டாத அளவுக்குக் குடிக்கும். சில்லு எளிதில் பெயராது, ஸ்பாஞ்சால் துடைத்தால் தூசி நீரோடு வந்துவிடும். நாலடிக்கு இரண்டடி, 12 மில்லிமீட்டர் தடிமன், 12 கிலோவுக்குள். கீழே 19 மில்லிமீட்டர் பிளைவுட், தண்ணீருக்குத் தாங்குகிற ஐ.எஸ். 710 முத்திரை போட்டது. போர்டின் ஓரம்தான் பொடியும் என்பதால் சுற்றிலும் மரச்சட்டம். போர்டை அறுக்கிற வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அறுக்கும்போது பறப்பதும் சிலிக்காதான், அதனால் கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கியாயிற்று. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று அச்சிட்ட போர்டாகப் பார்த்து வாங்கினோம். வீட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு கிடக்கிறதே, அதுவும் சிமென்ட்தானே என்று யாரும் அதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கால்களுக்கு சில்வர் ஓக். குடகு காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கிற மரம், மைசூர் மரக்கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. உயரம் 27 அங்குலம். ஏன் 27? கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால் முட்டி எங்கே வருகிறதோ, பிசைகிற மேஜை அந்த உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் தோள் வலிக்காமல் உடம்பின் எடையே மண்ணை அழுத்தும். தங்கமணி ஐந்தடி இரண்டங்குலம். சமையல் மேடை உயரத்தில் போட்டால் பத்து நாளில் தோளுக்குத் தைலம் தேட வேண்டியிருக்கும். அளவைப் பார்த்துவிட்டு ஆசாரி, "சப்பாத்தி மாடோக்கா சார்?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

சேற்றுப் பதத்தில் திரும்புகிற மண்ணுக்கு மேலே சொன்ன பிளாஸ்டர் பலகை. காய்ந்தால் 16 கிலோதான், மரத்தட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் கையைத் தவிர எதுவும் படக் கூடாது. கம்பி, கத்தி, வாண்டுகள் மூன்றுக்கும் தடை. மண் கொஞ்சம் இறுகியதும் சுருட்டி எடுத்து சிமென்ட் போர்டுக்குக் கொண்டுபோய்விடலாம்.

கிளேஸ் கலக்க, எடை போட, ஒழுகுகிற வேலைகளுக்கு ஒரு கிரானைட் துண்டு. மூன்றடிக்கு இரண்டடி, கடையில் வெட்டி மிஞ்சியது, 30 கிலோவுக்குள். கல் குடிக்காது என்பது இங்கே நல்ல குணமாகிவிட்டது பாருங்கள். சிந்தினால் துடைத்தால் போதும்.

கேன்வாஸை முழுசாக ஒதுக்கவில்லை, உருமாற்றிவிட்டோம். மண்ணைத் தகடாக உருட்டும்போது மட்டும் என் பழைய பருத்தி வேட்டித் துண்டு, ஈரமாக. வேலை முடிந்ததும் காயவிடாமல் நேராக வாளித் தண்ணீரில். அந்தத் தண்ணீரும் சாக்கடைக்குப் போகாது. ஒரு ராத்திரி தெளியவிட்டு மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடி மண்ணை பிளாஸ்டர் பலகைக்குத் திருப்புகிறோம். ஷெட்டுக்குள் துடைப்பத்துக்கு இடமில்லை, ஈர மாப் மட்டும். வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிஷம் பிள்ளைகளுக்கு ஸ்பாஞ்ச் டியூட்டி.

மொத்தச் செலவு 11,400 ரூபாய். சூளை விலைக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமே இல்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், சின்னதில்லை. ஆசாரி சட்டத்தைப் பொருத்தும்போது, ஆடாமல் இருக்கச் சுவரில் ஆங்கர் போட்டு முறுக்கிவிடலாமா என்று கேட்டார். இந்த வருஷம் பிரமோஷன் லிஸ்டில் என் பேர் இருக்கலாம். இருந்தால் மறுபடி ஊர் மாற்றம். வேண்டாமென்று எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. அந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேருமே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம். தங்கமணிக்கு ஒரு நிலையான இடம் இருக்கட்டும் என்ற எண்ணத்தில், "போட்டுடுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் தங்கமணி, "வேண்டாம், போல்ட்டு நட்டுப் போடுங்க. கழட்டுற மாதிரி இருக்கட்டும்" என்றார்.

ராத்திரி கேட்டேன், போகிறதாகவே முடிவு பண்ணிவிட்டாயா என்று.

"போறமோ இல்லையோ. போனா இதை விட்டுட்டுப் போக மாட்டேன். அதுக்குத்தான் கழட்டுற மாதிரி."

மூன்று மேஜையிலும் இரண்டு பேர் சேர்ந்து தூக்க முடியாத பாகம் ஒன்றுகூட இல்லை. ஆசாரி மரையாணிக்குப் பதில் பட்டர்ஃபிளை நட் போட்டுக் கொடுத்திருக்கிறார், ஸ்பானர்கூட வேண்டாம். டிரான்ஸ்ஃபர் ஆனால் வீட்டுச் சாமானுக்கு பாங்க் லாரி வாடகை தருகிறதே, அதில் முதலில் ஏறப்போவது எது என்று எங்கள் வீட்டில் இப்போதே தெரியும். சோபா வேண்டுமானால் இங்கேயே கிடக்கட்டும்.

இரண்டு மாதமாக வகுப்பு நடக்கிறது. நாலு பிள்ளைகள் ஆறானார்கள். சின்னவள் ஏழாவது. அவளுக்கு ஷெட்டுக்குள் வர அனுமதி உண்டு, ஒரே நிபந்தனை மண் ஈரமாக இருக்க வேண்டும். போன வாரம் யானை ஒன்று செய்து காய வைத்திருக்கிறாள். தும்பிக்கை கொஞ்சம் குட்டை. தசராவுக்குள் நீட்டிவிடுவாளாம்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி மண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், மேஜை வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மண்? அந்த அறையில் யார் மூச்சு விடுகிறார்கள்? ஊர் மாறினால் யார் தூக்குவது? இந்த வரிசையில் கேட்டால் பதில் தானாக வந்துவிடும்.

டிஸ்கி: நான் பாங்க்காரன், டாக்டர் இல்லை. வீட்டில் ஆஸ்துமா, வீசிங் இருந்தால் மண் மூட்டையைப் பிரிப்பதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாங்களும் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம். பொடி மண்ணை ஊற வைக்கும்போது மட்டும் தங்கமணி என்-95 மாஸ்க் போட்டுக்கொள்கிறார், சின்னவள் அந்த நேரத்தில் மாடியில்.